அத்தைக்கு வந்தது ஜன்னி

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் வரை பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் அவர்தான் பார்த்தார். ஒரு புதன்கிழமை லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றார். மறுநாள் இரவு எழுந்து உட்கார்ந்து, 11 வருடத்துக்கு முன் இறந்துபோன மாமாவுக்குக் காபி போடச் சொன்னார். விடிவதற்குள் என்னை யாரென்றே தெரியவில்லை. ‘இவள் என் சங்கிலியை எடுத்துவிட்டாள்’ என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மருத்துவமனையில் தலை ஸ்கேன் நார்மல், யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள். ட்ரிப்ஸைப் பிடுங்குகிறார் என்று இரண்டு நாள் கையைக் கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகிறது. பகலில் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் குழப்பம். கிருமி மூளைக்குப் போய்விட்டதா? இது மறதி நோயா? இனி மாதாமாதம் யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? ராத்திரிக்குத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கலாமா? நாத்தனார் எதிர்ப்பு சக்திப் பொடி வாங்கி வந்திருக்கிறார், கொடுக்கலாமா? நான் சரியாகக் கவனிக்காததால்தான் இப்படி ஆனது என்று உறவுக்குள் பேச்சு. — ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் இது வரவில்லை. புதன்கிழமை காய்ச்சல், வியாழன் இரவு குழப்பம், விடிந்ததும் மருத்துவமனை. ஒரு டாக்டர் வீட்டிலேகூட இதைவிட வேகமாக நடந்திருக்காது. சங்கிலியை எடுத்தாள் என்று சொன்னாரே, அதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிலையில் இருக்கும் முதியவர்கள் பழி சொல்வது பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்து தூக்கிவிட்டு, துடைத்துவிட்டு, மாத்திரை கொடுப்பவரைத்தான். எப்போதாவது வந்து போகிறவர்கள் அந்தப் பேச்சில் வரவே மாட்டார்கள். எங்கள் வார்டில் இதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடமும் நாத்தனாரிடமும் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் அத்தைக்கு வந்ததை நாங்கள் டெலிரியம் என்போம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தச் சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லாமலும் இருக்கலாம், பல நேரம் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. ‘காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டுவிட்டது, பிதற்றுகிறாள்’ என்பார்கள். அந்தச் சொல்லை நாம் மறந்துவிட்டோம். இப்போது வயதானவர் ஒருவர் திடீரென்று உளறினால், ஒன்று ‘மறதி நோய்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம், இல்லையென்றால் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே ஆபத்து. மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு ஜன்னி வருகிறது. அவ்வளவு சாதாரணமாக வருவதாலேயே அது கண்ணில் படாமல் போகிறது.

சரி, கிருமி மூளைக்குப் போய்விட்டதா என்ற கேள்விக்கு வருவோம். சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி மூளைக்குப் போகவில்லை. கிருமி வந்திருக்கிறது என்ற சேதி போயிருக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கும் வழி தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1885-இல் ஜெர்மனியில் பால் ஏர்லிக் என்ற மருத்துவர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை என்று எல்லாம் நிறம் பிடித்தன. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயம் பிடிக்கிற தன்மை இல்லை போலும் என்று அவர் நினைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மேன் அதையே மாற்றிச் செய்தார். சாயத்தை இரத்தத்தில் விடாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் விட்டார். இந்தத் தடவை மூளை நீலமாகிவிட்டது, உடம்பு வெளுப்பாக இருந்தது. நான் மதுரைக்காரன். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுங்கடிச் சேலைதான் ஞாபகம் வரும். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடமெல்லாம் சிவப்போ பச்சையோ ஆகியிருக்க, முடிச்சை அவிழ்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியும் அதே துணிதான். ஏர்லிக் துணியைச் சந்தேகப்பட்டார், கோல்ட்மேன் முடிச்சு இருப்பதைக் காட்டினார்.

அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்பது 1967-இல்தான் கண்ணால் தெரிந்தது. ரீஸ், கர்னோவ்ஸ்கி என்ற இருவர் சுண்டெலியின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடுக்கு இருக்கும். அதன் வழியாக நீரும் மருந்தும் வெள்ளையணுக்களும் போய்வரும். மூளைக்குள் ஓடும் குழாய்களில் அந்தச் செல்கள் ஓரத்தோடு ஓரம் தைத்த மாதிரி ஒட்டியிருந்தன. பிராணவாயு தாராளமாகப் போகும். சர்க்கரைக்கென்று தனிக் கதவு உண்டு. வேண்டாத பொருள் எப்படியோ உள்ளே நுழைந்தால் அதைப் பிடித்து வெளியே தள்ளும் பம்புகளும் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. இதைத்தான் இரத்த–மூளைத் தடுப்பு என்கிறோம். மூளைக்குள் நாளொன்றுக்கு சுமார் அரை லிட்டர் நீரைச் சுரக்கும் திசுவில் இன்னொரு தடுப்பு, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வேறொன்று என்று இந்தக் காவல் பல அடுக்காக இருக்கிறது.

இவ்வளவு காவல் எதற்கு என்றால், கிருமிக்காக மட்டும் இல்லை. காலில் கட்டெறும்பு கடித்தால் அந்த இடம் வீங்கிச் சிவந்து இரண்டு நாளில் வடிந்துவிடும். நம்முடைய எதிர்ப்பு சக்தி வேலை செய்கிற விதமே அப்படித்தான்: வீங்கவைக்கும், சூடாக்கும், கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து அழிக்கும். மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. அழிந்த நரம்புச் செல் திரும்ப முளைப்பதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே மூளை கிருமியிடமிருந்து மட்டுமல்லாமல், கிருமியை எதிர்க்கக் கிளம்புகிற நம் சொந்தப் படையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனாலும் மூளைக்குச் சேதி தெரிந்தாக வேண்டும். சிறுநீர்ப்பையில் கிருமி பெருகியதும் அங்கே திரண்ட வெள்ளையணுக்கள் சில ரசாயனங்களை இரத்தத்தில் விடுகின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். என்பவை அவற்றில் முக்கியமானவை. மொத்தமாக இவற்றை சைட்டோகைன் என்போம். இவை மூளைச் சுவரின் வெளிப்பக்கம் வந்து தொட்டதும், சுவரின் செல்களே உள்பக்கமாக வேறொரு பொருளைச் சுரக்கின்றன. அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின். உடம்பின் சூட்டை நிர்ணயிக்கும் மூளைப் பகுதியில் அது பட்டதும் காய்ச்சல் ஏறுகிறது. பாராசிட்டமால் தடுப்பது இந்தச் சுரப்பைத்தான். காய்ச்சல் வந்துவிட்டது என்றாலே மூளை அந்தச் சேதியைப் படித்துவிட்டது என்று அர்த்தம். இது போக, வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மூளைக்கு ஏறும் வேகஸ் நரம்பு வழியாகவும் தகவல் போகும். சுவரே இல்லாத சில சன்னல்களும் மூளையில் உண்டு. இரத்தத்தில் விஷம் கலந்தால் வாந்தி வரவைக்கும் இடம் அப்படிப்பட்ட ஒன்று.

சேதி உள்ளே போனதும் அதை வாங்கிக்கொள்வது மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள். 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனி வகை என்று அடையாளம் காட்டினார். நாம் கருவாக இருக்கும் தொடக்க வாரங்களிலேயே மூளைக்குள் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருப்பவை. உங்கள் வயதில் இவை நிதானமாக வேலை செய்யும். அதனால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அசதி, பசியின்மை, போர்வையை இழுத்துக்கொண்டு படுக்கத் தோன்றுவது, யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவது, இவ்வளவோடு நிற்கும். அதுவும் மூளை போடுகிற உத்தரவுதான்: அலையாதே, படு, சக்தியைக் கிருமியை எதிர்க்க விடு. 76 வயதில் அதே செல்கள் முன்கூட்டியே முறுக்கேறி நிற்கின்றன. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் ஓலைக் கூரையில் பொறி விழுந்த மாதிரி, சின்னச் சேதிக்குப் பெரிய கலவரம். அப்புறம் வயதாக ஆகச் சுவரின் தையலும் தளர்கிறது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் வயதோடு சேர்ந்து கசிவு கூடுவதை எம்.ஆர்.ஐ. மூலம் 2015-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். பல வருடச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இந்த நுண்குழாய்களை மேலும் கெடுக்கின்றன. உங்கள் அத்தைக்கு மூன்றும் சேர்ந்துவிட்டன.

கிருமி நேராக மூளையைத் தாக்குவதும் உண்டு, அது வேறு நோய். விடாத கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தொடர் வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுவது ஆகியவை அதன் அடையாளங்கள். நம் நாட்டில் காசநோய்க் கிருமி மூளைச் சவ்வைப் பிடிப்பதை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். அது வியாழன் வந்து அடுத்த வாரம் தெளியாது. வாரக்கணக்கில் மெதுவான காய்ச்சல், தலைவலி, சுபாவ மாற்றம் என்று ஊர்ந்து வரும். தலை ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்போம். உங்கள் அத்தை சிறுநீர்த் தொற்றுக்கான மருந்திலேயே பகலில் தெளிந்திருக்கிறார். அதனால் அந்தப் பயம் இப்போதைக்கு வேண்டாம்.

இது மறதி நோயா? போன மாதம் வரை மளிகைக் கணக்கு பார்த்தவர் ஒரே இரவில் இப்படி ஆகியிருக்கிறார். மறதி நோய் மாதங்களில் வரும், ஜன்னி மணிகளில் வரும். மறதி நோயில் ஞாபகம் முதலில் போகும், ஜன்னியில் கவனம் முதலில் போகும். நாங்கள் கவனத்தைச் சோதிக்க ஆண்டின் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வோம். எங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் டிசம்பர், நவம்பர் என்று கேட்பது நியாயமில்லை. நான் தமிழ் மாதம் கேட்பேன். தெளிவாக இருப்பவர் பங்குனி, மாசி, தை, மார்கழி என்று விரல் மடக்கி வந்துவிடுவார். மறதி நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்கூடத் தடுமாறித் தடுமாறிப் பாதியாவது வருவார். ஜன்னியில் இருப்பவர் ‘பங்குனி... பங்குனிப் பொங்கலுக்கு மாவிளக்கு இடிக்கணும்’ என்று வேறெங்கோ போய்விடுவார். காலையில் சரியாகச் சொன்னதை மாலையில் சொல்ல முடியாமல் போகும். அந்த ஏற்ற இறக்கமும் ஜன்னியின் குணம்.

9 நாளாகியும் சாயங்காலக் குழப்பம் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. தொற்று வடிந்துவிட்டாலும் மூளை அமைதியாக வாரங்கள் ஆகலாம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. அதே சமயம் ஒன்றை உங்களிடம் மறைக்கக்கூடாது. ஒருமுறை ஜன்னி கண்டவருக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். சிலருக்கு உள்ளே ஏற்கெனவே மெதுவாகத் தொடங்கியிருந்த மறதி நோயை ஜன்னிதான் வெளியே காட்டிக்கொடுக்கும். இப்போது சோதித்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, குழப்பம் முழுக்க அடங்கிய பிறகு, ஞாபகச் சோதனை செய்ய வேண்டும்.

தூக்க மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகள் ஜன்னியைக் கூட்டும், கீழே விழவைக்கும். ஏற்கெனவே பல வருடமாகச் சாப்பிட்டு வந்தவர் என்றால் மட்டும் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லிக் குறைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். சர்க்கரைக்காரர்களின் பாத எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், சிறுநீர் கசிவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் அந்தத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போகக்கூடியவை. பழைய சளி மாத்திரை போட்டால் தூங்கி வழிவது அதனால்தான். கவனத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருளை இவை உள்ளே போய் மறிக்கின்றன. ஏற்கெனவே தள்ளாடும் மூளைக்கு அது இன்னொரு அடி. சர்க்கரை மாத்திரையையும் மறக்காதீர்கள். சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், மாத்திரை மட்டும் பழைய அளவில் போய்க்கொண்டிருக்கும். சாயங்காலம் குழம்பும் நேரத்தில் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பி.பி. மாத்திரையில் சில வகை சோடியத்தைக் குறைக்கும், அதையும் ஒரு இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

மாதாமாதம் யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இந்த வயதுப் பெண்கள் பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அது நோய் அல்ல. டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ் வரும், வந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தோன்றும், கொடுக்கக் கொடுக்க மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் டெஸ்ட் எடுங்கள். அடுத்த முறை குழப்பம் மட்டும் வந்து சிறுநீரில் கிருமி தெரிந்தால், பழியை அதன்மேல் போட்டு நிறுத்திவிடாமல் நிமோனியா, மலச்சிக்கல், சோடியம், புது மாத்திரை என்று மற்றதையும் தேடச் சொல்லுங்கள். மலச்சிக்கல் ஒன்றே போதும், ஜன்னி வருவதற்கு. அதைவிட, அவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று பாருங்கள். ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று பயந்து நம் வீட்டுப் பெரியவர்கள் மதியத்துக்கு மேல் தண்ணீரைத் தொடவே மாட்டார்கள். காலையிலிருந்து 4 மணிக்குள் மோர், கஞ்சித் தண்ணீர், ரசம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் அந்தப் பயமும் இல்லை, தண்ணீரும் சேரும். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு சக்திப் பொடி. நாத்தனார் பாசத்தில் வாங்கி வந்திருக்கிறார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் மேலே சொன்னதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அத்தையின் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிக் கூச்சல் போட்டதால்தான் மூளை குழம்பியது. அதைத் தட்டி எழுப்ப ஒரு பொடியும் தேவையில்லை. அதோடு, என்ன கலந்திருக்கிறது என்று அட்டையில் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டும் ஈயமும் கலந்திருந்து சிறுநீரகம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மிளகு ரசத்துக்கும் இஞ்சிக்கும் நான் எதிரியில்லை, அவை சாப்பாடு.

எதிர்ப்பு சக்திக்குச் செலவு செய்ய வேண்டும் என்று குடும்பம் நினைத்தால் தடுப்பூசிக்குச் செய்யுங்கள். வருடாவருடம் ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கான ஊசி. இவை கிருமியை முன்னமே தடுத்து அந்தச் சேதி கிளம்பும் வாய்ப்பைக் குறைக்கும். அக்கிக்கும் தடுப்பூசி உண்டு. அக்கி வந்தால் காவியைக் குழைத்துச் சிங்கம் எழுதிக்கொண்டு வருகிறோமே, அதே அக்கிதான். சின்னம்மை வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து வயதான பிறகு கிளம்புவதால் வருவது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு அந்த ஊசி இல்லை, அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு உண்டு என்று ஒரு விதி இருந்தது. சில வாரங்கள் முன்பின் பிறந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஊசி போட்டவர்களுக்கு அடுத்த ஏழு வருடத்தில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்திருந்தது. பெண்களிடம் பலன் கூடுதல். 2025-இல் இது வெளியானபோது எங்களில் பலர் இரண்டு தடவை படித்தோம். வேல்ஸில் போட்டது பழைய வகை ஊசி, இப்போது இந்தியாவில் கிடைப்பது வேறு வகை, விலையும் அதிகம். மறதி நோயைத் தடுக்கும் என்று உறுதி சொல்லி அதை உங்களுக்கு எழுதிக்கொடுக்க மாட்டேன். அக்கியின் வலியைத் தடுக்கும் என்பதற்காகவே போடலாம். உடம்பு முழுக்கத் தேறிய பிறகு டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், மருந்தைவிட முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 1999-இல் அமெரிக்காவில் ஷரோன் இனோய் என்ற முதியோர் மருத்துவர், மருத்துவமனையில் இருந்த 852 முதியவர்களிடம் ஓர் ஆய்வை முடித்தார். ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு கண்ணாடி, காது மிஷின், எழுந்து நடப்பது, போதிய தண்ணீர், நாள் கிழமையை நினைவூட்டிப் பேசுவது, இரவில் மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு நீவிவிடுவதும். வழக்கமான பக்கத்தில் 100-க்கு 15 பேருக்கு ஜன்னி வந்தது, இந்தப் பக்கத்தில் 10 பேருக்கு. இதில் எதற்கும் மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பெற்ற தாயைப் பார்க்கிற மாதிரி பார்ப்பது, அவ்வளவுதான். கையைக் கட்டிப்போட்டது எனக்கும் வருத்தமே. கட்டினால் பயம் கூடும், பயத்தில் திமிறுவார், திமிறினால் இன்னும் இறுக்குவார்கள். ஊசி இருக்கும் கையில் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து, மறு கையை வீட்டு ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். மறுபடி சேர்க்க நேர்ந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். அவர் மூக்குக்கண்ணாடி, பல் செட், பழகின போர்வை எல்லாம் கூடவே போகட்டும்.

வீட்டில் காலையில் வெயில் முகத்தில் படுகிற மாதிரி வாசலில் உட்காரவையுங்கள். தினசரி காலண்டரின் தாளை அவர் கையாலேயே கிழிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், நிழல்தான் பல நேரம் ஆளாகத் தெரிகிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவையுங்கள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு ‘நான் யாரு, சொல்லுங்க பாப்போம்’ என்று கேட்கிறார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் பரீட்சை வைத்து, ஒவ்வொரு தடவையும் அவர் தோற்று, சுற்றி நிற்பவர்கள் முகம் மாறுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதில், ‘அத்தை, நான் உங்க மருமக. இன்னைக்குச் செவ்வாக்கிழமை. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போய்ட்டு நம்ம வீட்டுக்கு வந்துட்டோம்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மாமாவுக்குக் காபி கேட்டால், அவர் இறந்துவிட்டாரே என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது புதிதாகக் கேட்கிற சாவுச் செய்தி. ‘மாமாவுக்கு எப்படிக் காபி பிடிக்கும், சர்க்கரை தூக்கலாவா?’ என்று கேளுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போகட்டும்.

எங்கள் வார்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். நிமோனியா, கூடவே ஜன்னி. ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், பதில் வராது, குரல் ஏறும். நர்ஸ் அதட்ட, அவர் கூச்சல் போட, வார்டே விழித்திருந்தது. இரண்டாம் நாள் இரவு துணைக்கு இருந்த பேரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் ‘உள்ளேன் டீச்சர்’ என்று பதில் சொல்ல ஆரம்பித்தான். நாற்பது பெயர் போல இருக்கும். முடிந்ததும் அவர் இல்லாத பேனாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினார். எந்த ஊசி மருந்தும் அப்படித் தூங்கவைத்து நான் பார்த்ததில்லை.

மறுபடி காய்ச்சல், சாப்பாட்டை ஒதுக்குவது, கீழே விழுந்து தலையில் அடிபடுவது, ஒரு கை கால் தளர்வது, வலிப்பு, இதில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். இன்னொன்று, திடீரென்று ரொம்ப அமைதியாகிவிட்டால் நிம்மதி என்று இருந்துவிடாதீர்கள். கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறந்து மறுபடி மூடிக்கொள்வது, பகலெல்லாம் தூங்கிக் கிடப்பது, இதுவும் ஜன்னிதான். சத்தம் போடாத வகை. யாரையும் தொந்தரவு செய்யாததால் பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்த வகையே.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போகும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியோடு அவர் எழுதிய பழைய பால் கணக்கு நோட்டையும் எடுத்துப் போங்கள். புதிதாக எழுதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்கு நிறையப் புரியும்.

தெளிந்த பிறகு சங்கிலி விஷயத்தைப் பேசலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். ஜன்னியில் நடந்தது எல்லாருக்கும் மறந்துவிடுவதில்லை. பலருக்குத் துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும். சுவரில் எறும்பு ஊர்ந்தது, கட்டிப்போட்டது, யாரோ கொல்ல வந்தது என்று. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயத்தில் வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள். அவர் நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், கீரை ஆய்ந்துகொண்டோ பூ கட்டிக்கொண்டோ இருக்கும்போது, ‘அத்தை, காய்ச்சல்ல உங்களுக்கு என்னென்னவோ தெரிஞ்சுதாமே, என்ன பாத்தீங்க?’ என்று கேளுங்கள். சொன்னால் கடைசிவரை கேளுங்கள். சங்கிலியைப் பற்றி அவராக ஆரம்பித்தால், அது காய்ச்சல் பேசியது என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவராக ஆரம்பிக்கவில்லை என்றால் நீங்களும் விட்டுவிடுங்கள்.